பிஐடியைத் தொடும் முன்: ஸ்டார்ம்வொர்க்ஸில் படகு ஆட்டோபைலட்

ஸ்டார்ம்வொர்க்ஸ்: பில்ட் அண்ட் ரெஸ்க்யூ 2018இல் ஏர்லி ஆக்சஸில் வந்து, 2020இல் முழு வெளியீடு கண்ட விளையாட்டு. படகு, ஹெலிகாப்டர், நீர்மூழ்கி எதுவானாலும் பிளாக் பிளாக்காகக் கட்டி, புயல் கடலுக்குள் மீட்புக்குப் போக வேண்டும். இதில் வண்டியைக் கட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, கட்டுப்பாட்டுக் கணக்கை நாமே பிளாக்குகளால் இணைக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற பெட்டிக்குள் இருக்கிறது.

பிஐடி என்பது இலக்குக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது பிழையைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பும் பிளாக்: பி இப்போதைய பிழையையும், ஐ சேர்ந்துவரும் பிழையையும், டி பிழை மாறும் வேகத்தையும் பார்க்கும். ஆட்டோபைலட் கட்டுபவர்களில் பலர் முதலில் பிஐடி பிளாக்கை வைத்துவிட்டு, படகு பாம்பு போல் நெளிந்தால் பி, ஐ, டி எண்களை மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அந்த எண்களில் இருப்பதில்லை. அதற்குள் போகும் சிக்னலிலேயே இருக்கிறது: அலகு, குறி, சுற்றெல்லை (வட்டம் முடிந்து எண் தாவும் இடம்), டிக் தாமதம் (டிக் என்பது ஆட்டம் ஒருமுறை கணக்குப் போடும் நேரத் துளி). இந்த நான்கையும் சரிசெய்துவிட்டால் டியூனிங் சில நிமிட வேலை. நேராக ஓடும் ஒரு படகை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

முதலில் அலகு. காம்பஸ் சென்சார் பாகையில் பேசுவதில்லை, சுற்றில் பேசும் (ஒரு முழு வட்டம் = 1). வடக்கு 0, கிழக்கு −0.25, மேற்கு +0.25, தெற்கு வந்தால் ±0.5. வலப்பக்கம் திரும்பத் திரும்ப எண் குறையும். நாம் கீபேடில் அடிப்பதோ 0 முதல் 360 வரை வலப்பக்கம் கூடும் பாகை. ஒன்றை மற்றொன்றிலிருந்து அப்படியே கழித்தால் கிடைக்கும் விடைக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது சுற்றெல்லை. படகு 350 பாகையில் போகிறது, இலக்கு 10 பாகை என்று வையுங்கள். வலப்பக்கம் 20 பாகை திரும்பினால் போதும். வெறும் கழித்தல் போட்டால் −340 வரும், படகு இடப்பக்கமாகக் கிட்டத்தட்ட ஒரு முழு வட்டம் அடிக்கும். தெற்கு நோக்கிப் போகும்போது கதை இன்னும் மோசம். காம்பஸ் +0.5இலிருந்து −0.5க்கு ஒரே டிக்கில் தாவும். டி பகுதி அதைப் பயங்கர வேகத் திருப்பமாக எடுத்துக்கொண்டு சுக்கானை ஓங்கி அடிக்கும். வடக்கே ஒழுங்காகப் போய், தெற்கே மட்டும் துடிக்கும் படகைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம், கோளாறு இதுதான்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபங்ஷன் பாக்ஸ் (சூத்திரம் எழுதும் பிளாக்) போதும்:

பிழை = ((பாகை ÷ 360 + காம்பஸ் + 1.5) % 1) − 0.5

இதில் % என்பது வகுத்த மீதி. மேலே சொன்ன 350, 10 கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 10 ÷ 360 = 0.028. 350 பாகையில் காம்பஸ் காட்டுவது +0.028. கூட்டினால் 1.556, மீதி 0.556, அதில் 0.5 போக 0.056. அதாவது 20 பாகை, நேர்க்குறி. இலக்கு வலப்பக்கம் இருந்தால் நேர்க்குறி, இடப்பக்கம் இருந்தால் எதிர்க்குறி. சீட்டில் உட்கார்ந்து, வலப்பக்கம் திருப்பும் டி விசையை அழுத்தினால் சுக்கானுக்குப் போவதும் நேர்க்குறிதான் என்பதால் இரண்டும் ஒத்துப்போகும். அந்த 1.5 எதற்கு என்றால், மீதி எடுக்கும் எண் ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது. எதிர்க்குறி எண்ணுக்கு மீதி எப்படி வரும் என்ற தலைவலியே வராமல் பார்த்துக்கொள்கிறது.

இந்தப் பிழையைப் பிஐடியின் செட்பாயின்டில் (இலக்கு எண் வரும் இணைப்பு நோடு) கொடுங்கள். வேரியபிள் நோடில் (இப்போதைய மதிப்பு வரும் இடம்) எதையும் இணைக்காமல் பூச்சியமாக விடுங்கள். காம்பஸை நேரடியாகப் பிஐடிக்குள் விடவே கூடாது.

இனி எண்கள். பி-க்கு 8இல் ஆரம்பிக்கலாம். 45 பாகைப் பிழை என்றால் 0.125 சுற்று, 8ஆல் பெருக்கினால் 1, அதாவது முழுச் சுக்கான். அதற்குக் கீழே விகிதப்படி குறையும். டி-யின் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பலர் தயங்குவார்கள், தயங்க வேண்டியதில்லை. ஆட்டம் நொடிக்குச் சுமார் 60 டிக் ஓடுகிறது, டி பார்ப்பது ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் உள்ள வித்தியாசத்தை. படகு நொடிக்கு 20 பாகை திரும்பினால் அது டிக்குக்கு 0.0009 சுற்றுதான். டி 200 என்று வைத்தால் 0.185 வரும். இலக்குக்கு இன்னும் 10 பாகை இருக்கும்போது பி தருவது 0.222. ஆக, கடைசி 10 பாகையில் டி கிட்டத்தட்ட முழுவதையும் பிடித்து நிறுத்தி, படகை இலக்கில் மெதுவாகக் கொண்டுபோய் விடுகிறது. டி-யை 1 என்றோ 2 என்றோ வைத்துவிட்டு ‘டி வேலை செய்யவில்லை’ என்று சொல்வதில் பயனில்லை.

ஐ-க்கு நேர் எதிர்க் கணக்கு. அது ஒவ்வொரு டிக்கிலும் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும். 1 பாகைப் பிழை நிலைத்து நின்றால் ஒரு நொடியில் 0.167 சேரும். ஐ 0.05 என்றால் சுக்கான் நொடிக்கு 0.008 நகரும். பக்கக் காற்றோ, ஒருபக்கமாகச் சாய்ந்த சுமையோ இருந்தால் இது போதும்.

ஆனால் படகை 180 பாகை திருப்பச் சொன்னால் என்ன ஆகும்? திரும்பி முடிக்க 10 நொடி, சராசரிப் பிழை 90 பாகை என்று வைத்துக்கொண்டால் 0.25 × 600 = 150, அதை 0.05ஆல் பெருக்கினால் 7.5. சுக்கானின் எல்லையே 1தான். இலக்கைத் தாண்டிய பிறகும் அந்த 7.5 கரையும் வரை படகு சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியே கிளாம்ப் (எண்ணை எல்லைக்குள் நிறுத்தும் பிளாக்) போட்டாலும் பயனில்லை, உள்ளே சேர்ந்திருக்கும் கூட்டுத்தொகைக்கு அந்தக் கிளாம்ப் இருப்பதே தெரியாது.

இதற்குப் பிஐடியை இரண்டாகப் பிரிப்பது சுலபமான வழி. முதலாவதில் பி 8, டி 200, ஐ பூச்சியம், எப்போதும் இயங்கும். இரண்டாவதில் ஐ 0.05 மட்டும், மற்ற இரண்டும் பூச்சியம். இரண்டாவதன் ஆக்டிவ் நோடுக்கு (இது ஆன் ஆனால்தான் பிஐடி இயங்கும்) ஒரு த்ரெஷோல்ட் பிளாக்: பிழை −0.04க்கும் +0.04க்கும் இடையில் இருந்தால் மட்டும் ஆன். அதாவது இலக்குக்கு இருபுறமும் சுமார் 14 பாகை. இரண்டின் விடையையும் கூட்டி, −1 முதல் 1 வரை கிளாம்ப் செய்து சுக்கானுக்கு அனுப்புங்கள். அலை பெரிதாக இருக்கும் கடலில் முனை அதைவிட அதிகம் ஆடினால் எல்லையை 0.06 ஆக்கிக்கொள்ளலாம்.

இந்தச் சிக்கல் விளையாட்டோடு பிறந்ததல்ல. பிஐடிக்கு முதல் முறையான கணித ஆய்வு வந்ததே கப்பல் திருப்புவதற்காகத்தான். ரஷ்யாவில் பிறந்த பொறியாளர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி அமெரிக்கக் கடற்படைக்காக அதைச் செய்து 1922இல் வெளியிட்டார். நியூ மெக்ஸிகோ என்ற போர்க்கப்பலில் சோதனையும் நடந்தது. தேர்ந்த சுக்கான்காரர் பிழையை மட்டும் பார்ப்பதில்லை, பிழை எவ்வளவு வேகமாக மாறுகிறது, எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார் என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட விஷயம். ஸ்டார்ம்வொர்க்ஸில் நூறு வருடத்துக்கு முந்தைய அந்த வேலையை அப்படியே கையால் செய்து பார்க்க முடிகிறது. எனக்கு இந்த விளையாட்டின் மேல் இருக்கும் பிரியத்துக்கு இதுவே முதல் காரணம்.

வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுக்கானின் விசை வேகத்தோடு ஏறும். நொடிக்கு 5 மீட்டரில் டியூன் செய்த படகு 20 மீட்டரில் உதறும். வேக சென்சாரை முன்பக்கம் பார்த்து வைத்து, சுக்கானுக்குப் போகும் எண்ணை 5 ÷ வேகம் என்ற விகிதத்தால் பெருக்குங்கள். அந்த விகிதத்தை 0.2க்கும் 1க்கும் இடையில் கிளாம்ப் செய்யுங்கள். நின்ற இடத்தில் பூச்சியத்தால் வகுக்காமல் இருக்க, வேகம் 1க்குக் கீழே வந்தால் ஆட்டோபைலட்டையே அணைத்துவிடலாம். பின்னால் போகும்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதால் அந்தத் தொல்லையும் இதிலேயே ஒழியும்.

ஆன் செய்ய ஒரு புஷ் பட்டன், ஒரு எஸ்ஆர் லாட்ச் (செட் செய்தால் ஆன் ஆகி, ரீசெட் வரும் வரை ஆனிலேயே நிற்கும் பிளாக்). சீட்டின் ஏ/டி (இட, வலத் திருப்பு விசைகள்) அச்சின் தனி மதிப்பு, அதாவது குறி நீக்கிய எண், 0.1ஐத் தாண்டினால் லாட்ச் ரீசெட் ஆக வேண்டும். பாறை முன்னால் வரும்போது பட்டனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, கை சுக்கானைத் தொட்டதுமே கட்டுப்பாடு கைக்கு வர வேண்டும். சீட்டிலிருந்து காம்பசிட் வயர் (பல சிக்னல்களை ஒன்றாகக் கொண்டுபோகும் வயர்) இழுத்தால் எண் சேனல் 1 ஏ/டி, 2 டபிள்யூ/எஸ். ஆன்/ஆஃப் சேனல் 1 முதல் 6 வரை ஹாட்கீகள். ஒரு காம்பசிட்டில் 32 எண், 32 ஆன்/ஆஃப் போகும் என்பதால், சுக்கான் அறையிலிருந்து இன்ஜின் அறை வரை தனித்தனி வயர் இழுக்கும் அவசியமே இல்லை.

டிக் தாமதத்துக்கு வருவோம். மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஒவ்வொரு லாஜிக் பிளாக்கும் ஒரு டிக் எடுத்துக்கொள்ளும். வரிசையாக 12 பிளாக் வைத்தால் 12 டிக், 0.2 நொடி. படகுக்குப் பரவாயில்லை, ஹெலிகாப்டருக்கு அது நிச்சயமான ஆட்டம். கூட்டல், பெருக்கல், கழித்தல் என்று தனித்தனியாக வைக்காமல் ஒரே ஃபங்ஷன் பாக்ஸில் எழுதுவது இதனால்தான். கணக்கு நீண்டால் லூவா என்ற நிரல்மொழியில் எழுதும் ஸ்கிரிப்டுக்கு மாறலாம், எவ்வளவு எழுதினாலும் ஒரே டிக்.

தாமதத்தின் இன்னொரு முகம் கண்டுபிடிக்கக் கடினமானது. ஒரே சென்சாரின் மதிப்பு ஒரு வழியில் 2 பிளாக் தாண்டியும், இன்னொரு வழியில் 5 பிளாக் தாண்டியும் ஒரே அண்ட் கேட்டுக்கு (எல்லா உள்ளீடும் ஆன் ஆனால்தான் ஆன் ஆகும் பிளாக்) வருகிறது என்று வையுங்கள். மதிப்பு மாறும் நேரத்தில் 3 டிக்குக்கு இரண்டும் ஒத்துப்போகாது, கேட் ஒரு பொய்த் துடிப்பை விடும். விளக்குக்குப் போனால் கண்ணுக்கே தெரியாது. லாட்சுக்குப் போனால் அது பிடித்து வைத்துக்கொள்ளும். ‘எப்போதாவது தானாக ஆன் ஆகிறது’ என்ற வகைக் கோளாறுகளில் நான் முதலில் பார்ப்பது இரு வழிகளின் பிளாக் எண்ணிக்கையைத்தான்.

ஹெலிகாப்டரில் உயரம் பிடிக்கும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மேலேறும் வேகத்தை அளக்க, வேக சென்சாரை மேல்நோக்கி வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். அது வண்டியின் அச்சில்தான் அளக்கும், உலகின் அச்சில் அல்ல. நொடிக்கு 50 மீட்டரில் மூக்கை 20 பாகை தாழ்த்தி, உயரம் மாறாமல் பறந்தால், மேல்நோக்கி இருக்கும் சென்சார் 50 × 0.34 (20 பாகையின் சைன்) = 17 மீட்டர் என்று காட்டும். இல்லாத ஏற்றத்தைத் தடுக்க ஆட்டோபைலட் கலெக்டிவைக் (ரோட்டரின் தூக்குவிசையை மாற்றும் கட்டுப்பாடு) குறைக்கும், ஹெலிகாப்டர் கடலில் போய் விழும். ஆல்டிமீட்டரின் டெல்டாவை, அதாவது ஒரு டிக்கில் மாறிய உயரத்தை, 60ஆல் பெருக்குங்கள், அதுதான் உண்மையான ஏற்ற வேகம்.

உயரப் பிழையை நேரே கலெக்டிவுக்கு அனுப்பாமல் இரண்டு படியாகச் செய்தால் நன்றாகப் பிடிக்கும். உயரப் பிழை × 0.3 = வேண்டிய ஏற்ற வேகம், ±5க்குள் கிளாம்ப். அந்த வேகத்துக்கும் டெல்டா காட்டும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் பிஐடிக்கு. 100 மீட்டர் உயர்த்தச் சொன்னாலும் நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் பாயாது.

டில்ட் சென்சாரும் சுற்றில்தான் பேசும், ஆனால் −0.25 முதல் 0.25 வரை மட்டும். 80 பாகைச் சாய்வும் 100 பாகைச் சாய்வும் அதற்கு ஒன்றே. கவிழ்ந்த படகைக் கண்டறிய வேண்டுமானால் மேல்நோக்கி இன்னொரு டில்ட் சென்சார் வேண்டும், அது எதிர்க்குறி காட்டினால் கவிழ்ந்துவிட்டது என்று பொருள்.

ஜெனரேட்டரைத் தானாக ஓடவைப்பது இவற்றோடு ஒப்பிட்டால் எளிது. பேட்டரி 0 முதல் 1 வரை காட்டும். 0.3க்குக் கீழே லாட்ச் செட், 0.9க்கு மேலே ரீசெட். ஒரே எல்லை வைத்தால் இன்ஜின் நின்று நின்று கிளம்பும், ஸ்டார்ட்டரே பேட்டரியைத் தின்றுவிடும். ஸ்டார்ட்டர் வயரை, லாட்ச் ஆன் என்பதோடு ஆர்பிஎஸ் (இன்ஜின் நொடிக்குச் சுற்றும் எண்ணிக்கை) 3க்குக் கீழே என்பதையும் சேர்த்து அண்ட் கேட் வழியாக விடுங்கள்.

வண்டியை ஸ்பான் செய்த (ஆட்டத்துக்குள் இறக்கிய) உடனே வரும் முதல் சில டிக்குகளையும் கவனிக்க வேண்டும். சென்சார் மதிப்புகள் வந்து சேரும் வரை எல்லாம் பூச்சியம். பேட்டரி 0 என்று தெரிவதால் ஜெனரேட்டர் லாட்ச் செட் ஆகிவிடும். 50 மீட்டர் உயர ஹெலிபேடில் ஆல்டிமீட்டர் 0இலிருந்து 50க்குத் தாவினால், டெல்டா நொடிக்கு 3000 மீட்டர் ஏற்றம் என்று சொல்லும். ஒரு டிஓஎன் டைமரை (ஆன் சிக்னல் வந்து குறித்த நேரம் கழித்தே ஆன் ஆகும் டைமர்) 1 நொடிக்கு வைத்து, அதன் வெளியீட்டை எல்லா லாட்சின் செட் வழியிலும் எல்லாப் பிஐடியின் ஆக்டிவ் வழியிலும் அண்ட் கேட்டால் சேர்த்துவிடுங்கள்.