என் கதையில் எத்தனை ‘ஆம்’: ஐந்து மாதக் கணக்கு

சித்திரையில் ஆரம்பித்தேன். தினமும் காலையில் சாயா குடிக்கிற நேரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கத்தில் நான் வளர்ந்த வீட்டைப் பற்றி நினைவுக்கு வருவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவது, அவ்வளவுதான் திட்டம். புத்தகம் போடுகிற ஆசையெல்லாம் கிடையாது. சென்னையில் ஹாஸ்டலில் இருந்தபோது என் பேச்சைக் கேட்டு “மலையாளியா?” என்பார்கள், திருவனந்தபுரத்துக்குத் துணி எடுக்கப் போனால் அங்கே நான் ‘பாண்டி’, அதாவது தமிழன். சரி, நான் யார் என்று எழுதித்தான் பார்ப்போமே என்று ஒரு வீம்பு.

இரண்டு மாதத்தில் 38 பக்கம் வந்தது. திரும்பப் படித்தால் எல்லாம் நன்றாக இருந்தது, சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக இருந்தது. அதனால் அடுத்த கட்டமாக, யாரோ எழுதியதைப் போல இதை அலசுவது என்று முடிவு செய்தேன். நான் கண்ணால் பார்த்ததற்குப் பச்சை மை, பிறர் சொல்லிக் கேட்டதற்கு நீலம், நானே ஊகித்ததற்குச் சிவப்பு. கோடு போட ஆரம்பித்த பிறகுதான் நம் மொழி இந்த வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருப்பது உறைத்தது. ‘வந்தார்’ என்றால் நான் சாட்சி, ‘வந்தாராம்’ என்றால் இன்னொருவர் சொல்லித் தெரியும். என்னுடைய 38 பக்கத்தில் அந்த ‘ஆம்’ ஆறே இடத்தில்தான் இருந்தது. நான் பிறந்தது 1986. பாதிக் கதை அதற்கு முன்னால் நடக்கிறது!

அதில் நான் மிகவும் பெருமைப்பட்ட இடம் பாட்டா (தாத்தா) பனையிலிருந்து இறங்குவது. விடியாத நேரம், இடுப்பில் பாளை அரிவாள், குடுவையில் நுரைக்கிற அக்கானி (பதநீர்), கீழே நான் சிரட்டையுடன் நிற்கிறேன். மூன்று பக்கம். இதை மாமிக்கு (அப்பாவின் தங்கை) போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் சொன்னாள்: “மக்ளே, நீ பொறக்கதுக்கு முன்னயே பாட்டா பனையேத்தத்த விட்டாச்சுல்லா. இடுப்பு போயிட்டுல்லா.”

ஒரு வாரம் நோட்டைத் தொடவில்லை. பிறகு மூன்று பக்கத்தையும் ‘ஆம்’ போட்டுத் திருத்தி எழுதினேன். ஏறினாராம், இறங்கினாராம், தந்தாராம். செத்துப்போன மாதிரி இருந்தது. முழுவதையும் கிழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில் வேறு வழியில் போனேன்: இந்தக் காட்சியின் துண்டுகள் ஒவ்வொன்றும் எனக்கு எங்கிருந்து கிடைத்தன? அக்கானி காய்ச்சும் மணம் நிஜம், அது பக்கத்து விளையிலிருந்து (தோப்பு) வரும். சிரட்டை நிஜம். இறங்கியவர் வேறு ஆள். ஆனால் பாட்டாவின் நெஞ்சில் மரம் உராய்ந்து கருத்த காய்ப்பு இருந்தது, எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரல் அதில் பட்டிருக்கிறது, அது பச்சை மை. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு பாட்டாவை மரத்தில் ஏற்றியது நான்தான். இப்போது அந்தப் பகுதி இதைப் பற்றியதுதான், பனையைப் பற்றி அல்ல.

தேதிகளிலும் சறுக்கினேன். வீட்டு ஆதாரம் (பத்திரம்) மலையாளத்தில், கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) 1119, மகரம் (நம் தை) என்று இருக்கிறது. 824 கூட்டினால் போதும் என்று நினைத்து 1943 என்று எழுதிவிட்டேன். கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. அதனால் டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும். மகரம் என்றால் 1944. சின்ன விஷயம்தான், ஆனால் ஆச்சியின் (பாட்டி) கல்யாணத்தையே ஒரு வருடம் முன்னால் தள்ளி வைத்திருந்தேன்.

ஆச்சியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன. அப்போது ஆச்சி படித்து முடித்து, கல்யாணமாகி, பிள்ளைகளும் பெற்றாகிவிட்டது. அவளுக்குத் தெரிந்த எழுத்து மலையாளம், பேசியதெல்லாம் தமிழ். அவளுடைய கணக்கு நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. யூடியூபில் மலையாள எழுத்துப் படித்துவிட்டு (மூன்று வாரம், நினைத்ததைவிடச் சுலபம்) எழுத்துக்கூட்டி வாசித்தேன். முதல் வரியை மலையாளமாக நினைத்து முக்கி முக்கிப் படித்தால், கருப்பட்டி, மரச்சீனி, கடன் பாக்கி, “அவன் தரமாட்டான்”. ஆச்சி வாயிலிருந்து வருகிற அதே தமிழ். சிரித்துவிட்டேன், அப்புறம் கொஞ்சம் அழுகை வந்தது. ‘மலையாளியா’ என்ற கேள்விக்கு இதுவரை நான் சொன்ன பதில்கள் எதிலும் இந்த நோட்டு கிடையாது.

கடைசியாகச் செய்தது ‘நாங்கள்’, ‘நாம்’ என்று வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுவது. இதை யாராவது செய்து பாருங்கள், கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சென்னைப் பகுதியில் முழுக்க ‘நாங்கள்’, எதிரில் இருப்பவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுகிற ‘நாங்கள்’. ஊர்ப் பகுதியில் தாராளமாக ‘நாம்’. ஆனால் அந்த ‘நாம்’ யாரையெல்லாம் சேர்த்தது என்று ஓரத்தில் பெயர் எழுதிக்கொண்டு வந்தபோது ஒரு ஆள் எங்கேயும் ஒட்டவில்லை. கொளச்சல் பக்கத்திலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் அக்கா. நான்கு இடத்தில் வருகிறாள், நான்கிலும் ‘மீன்காரி’ மட்டும்தான். அவளிடம் திண்ணையில் கட்டன்சாயா வாங்கிக் குடித்த பிள்ளை நான், அவள் பேர் எனக்குத் தெரியாது.

மாமியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. “கொளச்சல்காரின்னுதான விளிப்போம்” என்றாள். அப்பாவும் அதையேதான் சொன்னார். ஆச்சியின் நோட்டில் மீன் கணக்கு எழுதிய பக்கங்கள் இருக்கின்றன, கையெழுத்து கிறுக்கல், மை வேறு ஊறியிருக்கிறது. அந்தப் பக்கங்களைத்தான் இப்போது ஒரு நாளைக்கு நாலு வரி வீதம் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை வந்தது சாளை, நெத்திலி, அரை ரூபாய் பாக்கி.