தேரி மண்ணும் பழைய பிரியஸும்

மே 9
வண்டி பாளையங்கோட்டைக்கு வந்தாச்சு. 2011 பிரியஸ், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் டொயோட்டா ஹைபிரிட் கார், இவ்வளவு நாளும் திசையன்விளைப் பக்கம் ஓடியது. மீட்டரில் சிவப்பு முக்கோணம் எரிகிறது, ஸ்கேனரில் பி0ஏ80, அதாவது ஹைபிரிட் பேட்டரியை மாற்றச் சொல்லும் பழுதுக் குறியீடு. அந்தப் பயத்தில்தான் விற்றவர் விலையை இறக்கினார். ஆனால் உள்ளே இருப்பது ஒரே பேட்டரி இல்லை. 7.2 வோல்ட் மாட்யூல்கள், அதாவது சின்னச் சின்ன பேட்டரிக் கட்டிகள், 28, வரிசையாகக் கோத்து மொத்தம் 201.6 வோல்ட். கம்ப்யூட்டர் அவற்றை 14 ஜோடியாகப் பார்க்கிறது. ஒரு ஜோடி மற்றதை விட்டு விலகினாலே மொத்தப் பேட்டரிக்கும் சாவு ஓலை எழுதிவிடும்.

மே 11
முதலில் பின் சீட்டோரம் பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று உறிஞ்சும் சல்லடையைக் கழற்றினேன். விசிறி இதழ்களின் இடுக்கெல்லாம் தேரி மண், அந்தப் பக்கத்துச் செம்மணல், செக்கச்செவேலென்று, கூடவே பஞ்சும் முடியும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருந்தது. இந்த அக்னி வெயிலில் காற்றே போகாவிட்டால் நிக்கல் பேட்டரி என்னதான் செய்யும்? இன்னொன்று, இந்த விசிறி இழுப்பது காருக்குள் இருக்கும் காற்றைத்தான். பெட்ரோல் மிச்சம் என்று ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் பேட்டரியையும் சேர்த்துத்தான் வேக வைக்கிறார்கள்.

மே 18
மாட்யூல்கள் மொத்தமும் அடங்கிய பேட்டரிப் பேக்கை இறக்கினோம். சாதாரண 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி, டிக்கியில் பேக்கின் இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு பிளக்கை உருவி, மோட்டாருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் இன்வர்ட்டரில் தேங்கிய கரண்ட் இறங்கப் பத்து நிமிடம் பொறுத்து, அப்புறம்தான் நட்டில் கை வைத்தது. பிளக்கை உருவினாலும் பேக்குக்குள் வோல்டேஜ் அப்படியே இருக்கும், அதனால் 1000 வோல்ட் தாங்கும் கையுறையைக் கழற்றவே இல்லை. பட்டறை அண்ணாச்சி எட்டி நின்றே பார்த்தார். "ஏல, ஒரு கைய பைக்குள்ள போட்டுக்கிட்டு வேல பாருல, ரெண்டு கையும் பட்டா ஆளு அவுட்டு."

மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்ததும் புதுக் காசு நிறம் வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு மாட்யூலுக்கும் 55 வாட் ஹெட்லைட் பல்பைக் கொடுத்து மல்டிமீட்டரைப் பார்த்தேன். பெரும்பாலானவை 7.4 பக்கம் நின்றன. நடுவில் ஒன்று மட்டும் 6.2க்குச் சரிந்தது. ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, இனி எந்த வைத்தியமும் பலிக்காது. நடுவில் இருப்பதுதான் அதிகம் சூடாகும், அதுதான் முதலில் போகும்.

ஜூன் 1
செத்ததற்குப் பதிலாகப் பழைய பேக் ஒன்றிலிருந்து ஒரு மாட்யூல் வாங்கிப் போட்டாச்சு. புதுசாக ஒன்று கிடைத்தாலும் போட்டிருக்க மாட்டேன், மற்றவற்றின் கொள்ளளவுக்கு ஒத்துப்போகாது. மிச்சத்தை 6 வோல்ட் வரை இறக்கி, மெதுவாக ஏற்றி, திரும்ப இறக்கி என்று சார்ஜர் இரவும் பகலும் ஓடியது. இரண்டு பக்கமும் பலகை கொடுத்து இறுக்கித்தான் சார்ஜ் போட வேண்டும், இல்லையென்றால் மாட்யூல் வயிறு ஊதிவிடும். புதிதில் ஒவ்வொன்றின் கொள்ளளவும் 6.5 ஆம்பியர் அவர் இருந்திருக்கும். நாலுக்கும் கீழே கிடந்தவை ஐந்தைத் தொட்டன. போதும். கடைசியில் எல்லாவற்றையும் பேரலலாக இணைத்து வோல்டேஜைச் சமமாக்கிவிட்டுப் பூட்டினேன். நட்டுக்கு 5.4 நியூட்டன் மீட்டர்தான், பலத்தைக் காட்டினால் முறிந்துவிடும்.

ஜூன் 8
முக்கோணம் போய்விட்டது. பாபநாசம் வரை போய் வந்தேன். டயரில் முன்னே 35, பின்னே 33. சேரன்மகாதேவி தாண்டியதும் வேகத்தை ஏற்றிவிட்டு ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி உருட்டிக்கொண்டே போகலாம். பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக மிதித்தால் பேட்டரி ஏறுகிறது, கடைசி நேரத்தில் அழுத்தினால் பெரும்பகுதி பிரேக் பேடில் சூடாகப் போகிறது. ஃபுல் டேங்க் கணக்கில் லிட்டருக்கு 20 வந்தது, முன்பு 15. இதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்தது, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு.

ஜூலை 6
நாகர்கோவில் போனேன். வள்ளியூர் தாண்டி பணகுடி வந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நெஞ்சில் அறைந்த மாதிரி மோதுகிறது, மைலேஜ் 17க்கு இறங்கிவிட்டது. மீட்டரைப் பார்த்த மைனி, "பேட்டரி திரும்பப் போயிட்டா?" என்றாள். பேட்டரிச் சூடு ஏறவில்லை, ஜோடிகளுக்குள் வித்தியாசமும் இல்லை, எல்லாம் காற்று செய்த வேலை. ஊருக்குத் திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ள, போன கணக்கில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது.

அடுத்த வேலை ஈஜிஆர் கூலர், எஞ்சின் புகையில் கொஞ்சத்தைக் குளிரவைத்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் பாகம். இந்தத் தலைமுறை பிரியஸில் அது கரி அடைத்து, எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாவது வரை போய் நிற்பது தெரிந்த விஷயம். ஆடிக் காற்று அடங்கியதும் கழற்றலாம் என்கிறார் அண்ணாச்சி, பட்டறைக்குள் தூசி வந்து விழாது.