நாலால் பெருக்கிய பருப்பு

1999-2000இல் தேசிய மாதிரி ஆய்வின் 55ஆவது சுற்றில் வீட்டுச் செலவுக் கணக்கெடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். கமுதிப் பக்கம் ஒரு கிராமம். திண்ணையில் ஷெட்யூலை, அதாவது கேள்வித்தாளை, மடியில் விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.

“போன ஏழு நாள்ல துவரம்பருப்பு எவ்வளவுக்கா செலவாச்சு?”

“கால் கிலோ இருக்கும் தம்பி.”

“முப்பது நாளைக்கு?”

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை நிறுத்தவே இல்லை. “அதான் சொல்லிட்டேனே, நாலால பெருக்கிப் போட்டுக்க.”

போட்டுக்கொண்டேன்.

அதற்கு முந்தைய பெரிய சுற்றுகளில் சாப்பாட்டுச் செலவை முப்பது நாளைக்குத்தான் கேட்டார்கள். இடையில் சோதனைச் சுற்றுகளில் ஒரு பகுதி வீடுகளில் ஏழு நாளைக்குக் கேட்டுப் பார்த்தபோது, சாப்பாட்டுச் செலவு கூடியது, அந்தச் செலவுக் கணக்கை வைத்து எண்ணிய ஏழைகள் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது. ஒருவர் தட்டிலும் ஒரு பருக்கை கூடவில்லை, கேள்விதான் மாறியது. எங்கள் சுற்றில் இரண்டு கேள்வியையும் ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்கச் சொன்னார்கள். ஒரு பதில் இன்னொன்றை இழுக்காமல் இருக்குமா? இரண்டும் ஒட்டாமல் போனால் ஷெட்யூல் மேலதிகாரியிடமிருந்து திரும்பி வரும். அந்தத் தொல்லைக்குப் பயந்து, அக்கா பெருக்காத இடங்களில் நானே பெருக்கியதும் உண்டு.

குடிச் செலவு வேறு கதை. தெருமுனையில் மதுக்கடை இருந்தது. அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் அந்த வரியில் எனக்கு ஒரு ரூபாய் கிடைக்கவில்லை.

1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாகக் குறைந்ததென்று திட்டக்குழு பின்னர் அறிவித்தது. செய்தித்தாளில் படித்தபோது பெருமைக்குப் பதில் கூச்சம்தான் வந்தது. வறுமை குறைந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்துப் புள்ளியில் சோறு எவ்வளவு, கட்டம் எவ்வளவு என்று பொருளாதார நிபுணர்கள் பல வருடம் மல்லுக்கட்டினார்கள். எங்களைப் போல் திண்ணையில் உட்கார்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அதே செலவுக் கணக்கெடுப்பின் 2017-18 சுற்று முடிவுகளைத் தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அரசு நிறுத்திவைத்தது. அந்தச் சுற்றில் களத்துக்குப் போன பையன் ஒருவன் அன்று இரவு என்னைக் கூப்பிட்டான். “எத்தனை அடுப்படி ஏறி இறங்கினேண்ணே” என்றான். அதற்குமேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.