ஒரே நோயாளி, இரண்டு வரிகள்

மருத்துவமனை ஒன்றின் நோயாளர் பதிவு மென்பொருளைக் கவனித்துவந்த காலத்தில், ஒரே நபர் இரண்டு எண்களில் பதிவாகிறார் என்ற புகார் அடிக்கடி வந்தது. முதலில் செலக்ட் என்ற தேடல் கட்டளையால் தேடி, இல்லையென்றால் மட்டுமே இன்செர்ட் கட்டளையால் புதிய வரியைச் சேர்க்கும்படிதான் நிரலை எழுதியிருந்தேன். ஆனால் பதிவாளர் பொத்தானை இருமுறை அழுத்தினால், இரண்டு கோரிக்கைகளும் ஏறக்குறைய ஒரே கணத்தில் தேடி, இரண்டுமே 'இல்லை' என்ற விடையைப் பெற்று, ஆளுக்கொரு வரியைச் சேர்த்துவிடும். பெயர், தொலைபேசி எண், பிறந்த தேதி மூன்றையும் இணைத்து டேபிளிலேயே யூனிக் இண்டெக்ஸ் வைத்தேன்; அதாவது, இம்மூன்றும் ஒத்திருக்கும் இரண்டாவது வரியைத் தரவுத்தளமே ஏற்காது.

உடனே எங்கள் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல், இரட்டைப் பதிவைக் குறிக்கும் 1062 என்ற பிழையை எழுப்பத் தொடங்கியது. அதைத் தவிர்க்க ரீப்ளேஸ் கட்டளைக்கு மாறினேன். இன்றுவரை நான் வருந்தும் முடிவு அது. ரீப்ளேஸ் பழைய வரியைத் திருத்துவதில்லை, அதை அழித்துவிட்டுப் புதிய எண்ணோடு வேறொரு வரியைச் சேர்க்கிறது. வருகைக் குறிப்புகளை நோயாளியின் வரியோடு இணைக்கும் ஃபாரின் கீயில், மூல வரி அழிந்தால் சார்ந்தவற்றையும் அழிக்கும் ஆன் டெலீட் கேஸ்கேட் இருந்ததால், மறுபதிவு நடந்த ஒவ்வொருவரின் பழைய வருகைகளும் கூடவே அழிந்தன. ஒரு மூதாட்டியின் இரத்த அழுத்த அளவுகள் இருந்த இடம் வெறுமையாக இருப்பதை மருத்துவர் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. பேக்கப்பிலிருந்து பெரும்பகுதியை மீட்டோம், எல்லாவற்றையும் அல்ல.

பிறகு, ஏற்கெனவே இருக்கும் வரியை அழிக்காமல் அதிலேயே திருத்தும் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்டைப் பயன்படுத்தினேன். பிழைகளைப் பொருட்படுத்தாமல் மேலே செல்லும் இன்செர்ட் இக்னோரைச் சிலர் பரிந்துரைத்தார்கள்; அது நீளமான பெயரை வெட்டிச் சேமித்துவிட்டு வெறும் எச்சரிக்கையோடு நின்றுவிடும் என்பதால் மறுத்தேன்.

அதன்பிறகும் இரட்டைப் பதிவுகள் முற்றிலும் நிற்கவில்லை. பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு அந்தக் கட்டம் மதிப்பே இல்லாத 'நல்' (NULL) நிலையில் இருந்தது. ஒரு NULL இன்னொரு NULL-க்குச் சமமென்று யூனிக் இண்டெக்ஸ் கருதாது. 'கோமதி' என்ற பெயரோ திரையில் ஒன்றுபோலவே தெரிந்தாலும், ஒரு கணினியில் ஓகாரக் குறி ஒரே யூனிகோட் எழுத்தாகவும், மற்றொன்றில் ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் பதிவாகியிருந்தது. பைட் பைட்டாக ஒப்பிடும் எங்கள் கொலேஷனுக்கு (எழுத்துகளை ஒப்பிடும் விதிமுறைக்கு) அவை வெவ்வேறு பெயர்கள். சேமிக்கும் முன் எல்லாப் பெயர்களையும், இத்தகைய குறிகளை ஒரே சீராக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினோம், பிறந்த ஆண்டை உத்தேசமாகவாவது கேட்டு வாங்கினோம். ஏறக்குறைய ஒத்துப்போகும் பதிவுகளைத் தானாக இணைக்காமல் பதிவாளரின் திரையில் காட்டினோம்; அவர் எதிரில் நிற்பவரிடம், "அம்மா, போன வருஷம் கண் பரிசோதனைக்கு வந்தது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டே சேர்ப்பார்.