ரேடியாலஜிக்காக மூன்று தடவை எழுதினேன், நான்காவது எழுதவில்லை

2022 மே, 2023 மார்ச், 2024 ஆகஸ்ட். டாக்டர்கள் மேற்படிப்புக்காக எழுதும் நீட் பிஜி தேர்வை மூன்று தடவை எழுதினேன், மூன்றும் ரேடியாலஜிக்காகத்தான், அதாவது ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் துறை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது வயிற்று வலியோடு வந்த ஒருவருக்கு என்னவென்று எங்கள் யூனிட்டே குழம்பி நிற்க, சிடி அறையில் இருந்த சார் படத்தை உருட்டிப் பார்த்து, அடைப்பு இங்கே என்று விரல் வைத்துக் காட்டினார். அன்றைக்குப் பிடித்த ஆசை.

முதல் ரேங்க் 40 ஆயிரத்துக்கும் மேலே. இரண்டாவது 20 ஆயிரத்தை ஒட்டி. பாதியாகக் குறைந்துவிட்டதே, அடுத்த தடவை கிடைத்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். என் கணக்கு தப்பியது இங்கேதான். மொத்தம் 200 கேள்வி, சரியான விடைக்கு 4, தப்புக்கு ஒரு மைனஸ். மேலே போகப் போக, படித்தவர்கள் எல்லோருமே போட்டுவிடுகிற கேள்விகளால் எந்தப் பயனும் இல்லை, இரண்டு ஆப்ஷனுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கிற பத்துப் பதினைந்து கேள்விகள்தான் ரேங்கை முடிவு செய்கின்றன. அதை நான் படிப்பால் மட்டும் சரிசெய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

வீட்டில் "இன்னும் ஒரே வருஷம்" என்றுதான் கேட்டேன். அது 17 மாதம் ஆனது. 2024 ஜூன் 23 தேர்வு என்று வெளியூர் லாட்ஜில் தங்கியிருக்கிறோம், முந்தைய நாள் இரவு தள்ளிவைத்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அப்பா ஒன்றும் பேசாமல் பஸ் நேரம் பார்த்தார். தேர்வு ஆகஸ்ட் 11-க்குப் போனது. அட்டெம்ப்டை வருஷக் கணக்கில் எண்ணாதீர்கள், நடுவில் தேதி தள்ளினால், கவுன்சலிங் இழுத்தால், அதையும் நாம்தான் தாங்க வேண்டும்.

அந்த நாட்களில் ஒரு நர்சிங் ஹோமில் நைட் டியூட்டி பார்த்தேன். ஒரு ராத்திரி மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு என்னால் டியூப் போட முடியவில்லை, கை நடுங்கிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் ஓடி வந்து போட்டார், போட்ட கையோடு எனக்கும் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். விடிந்ததும் நோட்டில் எழுதினேன்: ரேடியாலஜி, இல்லையென்றால் மயக்கவியல். அதுவும் இல்லையென்றால் அரசு டாக்டர் வேலைக்கான எம்ஆர்பி தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பிறகு அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் முயற்சி. நான்காவது தடவை வீட்டில் உட்கார்ந்து படிப்பதில்லை. ரிசல்ட் வருவதற்கு முன்னால் எழுதியதால்தான் அந்த முடிவு மாறாமல் நின்றது. ரேங்கைப் பார்த்த பிறகு யோசித்தால் மனசு வேறு கணக்கு போடும்.

ரேங்க் 12 ஆயிரத்தைத் தாண்டி வந்தது. மாநில கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரியில் மயக்கவியல் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன். கூடப் படித்த ஒருத்தி நான்காவது தடவையில் தோல் துறை வாங்கினாள். அவளுக்கு வேறு எந்தத் துறையும் மனதில் இல்லை, அவள் காத்திருந்தது சரி. எனக்கு இரண்டாவதாக ஒன்று மனதில் இருந்தது.

போன வாரம் ஒரு குழந்தைக்கு எம்ஆர்ஐ எடுக்க மயக்கம் கொடுக்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியாலஜி பிஜி ஒருவர் படத்தை உருட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாச்சுரேஷன் 99-ல் நின்றது, ஸ்கேன் முடிகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.