புச்சோ பேத்தியின் பட்டம்

ஜப்பானின் ஹமாமட்சு நகரத்தில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு 2016இல் ஊர் திரும்பினேன். கிளம்பும்போது விமான நிலையத்தில் என் குடியிருப்பு அட்டையில் துளை போட்டுக் கையில் கொடுத்தார்கள். இனி அந்த ஊருக்கு விருந்தாளியாகத்தான் வர முடியும் என்று அப்போதுதான் உறைத்தது.

2025 பிப்ரவரியில் என் பழைய மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. ஓய்வு பெற்றுவிட்டார் என்றாலும் எனக்கு அவர் இன்றும் ‘புச்சோ’தான், துறைத் தலைவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மே 3 முதல் 5 வரை நடக்கும் ஹமாமட்சு திருவிழாவில் அவள் பெயர் எழுதிய பட்டம் ஏறப்போகிறது, வந்துவிடு என்றார். வீட்டின் முதல் குழந்தைக்காக விடும் அந்தப் பட்டத்துக்கு ‘ஹட்சுதாகோ’ என்று பெயர். அவர் கூப்பிட்ட பிறகு போகாமல் இருக்க முடியுமா?

சுற்றுலா விசாவிலேயே போகலாமே என்றார்கள் சிலர். தங்கப்போவது அவர் வீட்டில், பார்க்கப்போவது அவர் குடும்பத்தை. உள்ளதை உள்ளபடி சொல்லி, நண்பரைப் பார்க்கும் விசாவுக்கே விண்ணப்பித்தேன். இதில் பாதி வேலை அங்கே இருப்பவர் தலையில் விழுகிறது. ஏன் அழைக்கிறார் என்ற கடிதம், நாள்வாரியாக எங்கே தங்குவேன் என்ற பயண அட்டவணை, அவருடைய ‘ஜூமின்ஹ்யோ’ எனும் குடியிருப்புச் சான்று. செலவை அவர் ஏற்றால் உத்தரவாதக் கடிதமும் வருமானச் சான்றும் சேரும். நான்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். இந்த வயதில் அவரை இன்னும் அலைய விட எனக்கு மனமில்லை. என் வங்கிக் கணக்கையும் வருமான வரிக் கணக்கையும் வைத்து நானே பார்த்துக்கொண்டேன்.

நட்புக்கும் ஆதாரம் கேட்கிறார்கள். புகைப்படம், கடிதம், மின்னஞ்சல், எதுவானாலும் சரி. முதலில் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு அலமாரியைத் திறந்தேன். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் புச்சோ அனுப்பிய ‘நெங்காஜோ’ வாழ்த்து அட்டைகள்: அங்கே வருடத்துக்கு ஒரு விலங்கு உண்டு, 2017இன் சேவலில் தொடங்கி 2025இன் பாம்பு வரை ஒன்பது. எல்லாவற்றிலும் அந்த வருடத்து விலங்கின் படத்துக்குக் கீழே, நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே எளிய ஹிரகானா எழுத்தில் இரண்டு வரி. நகல் எடுக்கும்போது ஒவ்வொன்றாக மறுபடி படித்தேன். கடையில் இருந்த பையன் பொறுமையாகக் காத்திருந்தான்.

ஒரு இடத்தில் தடுக்கியது. சென்னையில் இருந்து ஏப்ரல் 30 இரவு கிளம்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவர் அட்டவணையில் அதையே வந்து சேரும் நாளாக எழுதிவிட்டார். பயணச் சீட்டில் மே 1. விண்ணப்ப மையத்தில் கண்டுபிடித்துத் திருப்பிவிட்டார்கள். புதிய அட்டவணை தபாலில் வர ஒரு வாரம் போனது. இப்படிப் போகிறவர்கள் நண்பரிடம் இறங்கும் தேதியைச் சொல்லுங்கள், அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அட்டவணையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபார்த்துவிடுங்கள்.

விசா வந்தது. சுற்றிப்பார்க்க வருபவர்கள் குறிப்பிட்ட நாட்களுக்கு எடுக்கும் ‘ஜேஆர் பாஸ்’ எனும் ரயில் சீட்டை எடுக்கவில்லை. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னில் இருந்து 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து ஹமாமட்சு போய்வர அதில் பாதிகூட ஆகாது. புல்லட் ரயில்களில் நொசோமி அங்கே நிற்காது, ஹிகாரியிலோ கொடாமாவிலோதான் போக வேண்டும். தொடர் விடுமுறை வாரம் என்பதால் இருக்கையை முன்பே பிடித்துவிட்டேன். ரயில் கட்டணத்துக்குப் பணம் போட்டு வைக்கும் என் பழைய தோய்கா அட்டை பத்து வருடம் தொடாமல் இருந்தால் செல்லாது. ஒன்பது வருடம்தானே ஆகிறது என்று டோக்கியோ மெட்ரோவில் தொட்டுப் பார்த்தேன், கதவு திறந்தது! அந்தச் சின்னச் சத்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

நகதாஜிமா மணல்மேட்டில் கடல்காற்று மணலை முகத்தில் வாரி அடித்தது. எக்காளம் ஊத, ‘ஒய்ஷோ, ஒய்ஷோ’ என்று ஊரே கத்த, பேத்தியின் பெயரும் குடும்பச் சின்னமும் எழுதிய பெரிய பட்டம் இரண்டு முறை மணலில் சாய்ந்து மூன்றாவது முறை ஏறியது. புச்சோ பின்னால் திரும்பி என்னைத் தேடினார். கயிற்றில் தன் கைக்குப் பக்கத்தில் இடம் விட்டு, “இங்கே பிடி” என்றார்.