ஞாயிற்றுக்கிழமைக் குழு: சில குறிப்புகள்

மார்ச் 2, ஞாயிறு
மறதிநோய் வந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் கூடும் குழுவுக்கு இன்று மூன்றாவது முறை போனேன். ஒன்பது பேர். மாத்திரை, தூக்கம், டயப்பர் என்றே பேச்சு ஓடியது. "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்கு "சமாளிக்கிறேன்" என்றேன். எல்லாரும் அதையேதான் சொன்னோம். இந்தப் பொய்யை வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு
எப்போதும் ஓரமாக உட்காரும் அக்கா, கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர், திடீரென்று, "நேத்து அம்மாவைக் கையில அடிச்சிட்டேன்" என்றார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நல்லவேளை, அறிவுரையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எதிரில் இருந்தவர், அப்பாவை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுததைச் சொன்னார். அப்புறம் நான். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று ஒரு ராத்திரி நினைத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னேன். அந்த அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

மார்ச் 12, புதன்
உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து, 45 நிமிடத்துக்கு, 36 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து மாறி மாறிப் பதில் சொல்ல வைத்தார்கள். மேலோட்டமாகத் தொடங்கி ஆழமாகப் போகும் கேள்விகள். சும்மா அரட்டை அடித்த ஜோடிகளைவிட இவர்கள் நெருக்கமாக உணர்ந்தார்களாம். 'மாறி மாறி' என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒருவர் மட்டும் கொட்டித் தீர்த்தால் மற்றவர் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

மார்ச் 16, ஞாயிறு
தப்பு செய்துவிட்டேன். அக்கா சொன்னதை வீட்டில் தம்பியிடம் சொல்லியிருந்தேன். பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. மனசு கேட்காமல் இன்று அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு ஒப்புக்கொண்டேன். "பேர் சொன்னியா?" "இல்லைக்கா." "சரி" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு
அக்கா வந்திருந்தார். அதே ஓர நாற்காலி. அவர் முறை வந்தபோது, புதிதாக மாற்றிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி மட்டும் பேசினார்.